இராமானுசனின் பட்டியலில் கடைசி எண்: 6746328388800

6746328388800 (6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800) என்பது ஓர் உயர் பகு எண் ஆகும். கணிதமேதை சீனிவாச இராமானுசன் 1915-இல் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியல் இந்த எண்ணுடன் முடிகிறது.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் கூடுதலான வகுஎண்களைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். எடுத்துக்காட்டாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள்ளன. 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வகையின.

பண்புகள்

இந்த எண்ணின் பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியின்றி வரிசையாக வரும். அவற்றின் அடுக்குகள் எங்கும் ஏறுவதில்லை. 4, 36 தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்பதையும் இராமானுசன் நிறுவினார்.

வரலாறு

கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் பட்டம் பெறாத இராமானுசன், 1914-இல் இங்கிலாந்து சென்றார். உயர் பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதவியல் கழகம் 1915-இல் வெளியிட்டது. இந்த ஆய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. முதல் உலகப் போர்க்காலத்தில் கழகம் நிதி நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சாகவில்லை. அப்பகுதி நிக்கோலா, ரோபன் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளுடன் 1997-இல் 'இராமானுசன் ஆய்விதழ்' முதல் தொகுதியில் வெளிவந்தது.

விடுபட்ட எண்

கணினி இல்லாத காலத்தில் உருவான அப்பட்டியலில் 102 எண்கள் உள்ளன. விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600. இதன் பகாக் காரணிகள் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, வகுஎண்கள் 5,040. இதை 23-ஆல் பெருக்கினால் 6746328388800 கிடைக்கும். அதாவது, பட்டியலில் இடம்பெறாத எண், பட்டியலின் கடைசி எண்ணுக்குள் ஒரு வகுஎண்ணாகவே இருக்கிறது.