ஒரு குடும்பம் காத்த நினைவு

நம் இல்லங்களில் பெரியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தால், ஆண்டுதோறும் அந்நாளில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். கல்லறையைத் தூய்மை செய்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். சுவரில் உள்ள படத்திற்கு மாலை சூட்டுகிறோம். இவை யாவும் நல்லவையே. ஆயினும் பேரப்பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்போது, அப்படத்தில் இருப்பவர் எதற்குச் சிரித்தார், எதற்குக் கலங்கினார், எந்த முடிவால் தம் வீட்டாரை வருந்தச் செய்தார் என்று சொல்வதற்கு எவரும் இருப்பதில்லை. பெயரும் தேதியும் எஞ்சுகின்றன, மனிதர் மறைந்துவிடுகிறார்.

இவ்வாறு மறைந்துவிடாமல் ஒரு குடும்பமே காத்துத் தந்த மனிதர் புனித தாமஸ் மோர். 'உட்டோப்பியா' நூலின் ஆசிரியர், இங்கிலாந்து மன்னரின் சான்சலர், மறைசாட்சி என்று அவரை அறிவோம். 1935-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியலாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். இப்புகழுக்கெல்லாம் முன்பே அவர் ஒரு கணவர், ஒரு தந்தை, ஒரு பாட்டனார். அந்த மோரையே இங்கு நாம் நினைவுகூர விரும்புகிறோம்.

1478-இல் இலண்டனில் பிறந்த மோர், சட்டம் பயின்ற இளமைக் காலத்தில் கர்த்தூசியர் மடத்தை அண்டி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் செபத்திலும் தவத்திலும் வாழ்ந்தார். துறவறமா, இல்லறமா என்று நெடிது சிந்தித்து இல்லறத்தைத் தெரிந்துகொண்டார். கோல்ட் குடும்பத்தின் இரண்டாம் மகளிடமே அவர் மனம் சென்றதாம். ஆனால் தங்கைக்கு முதலில் மணமானால் மூத்தவள் மனம் நோவாளே என்றெண்ணி, மூத்தவளான ஜேனை 1505-இல் மணந்தார் என்று அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். மார்கரெட், எலிசபெத், சிசிலி, ஜான் என நான்கு மக்கள் பிறந்தனர். 1511-இல் ஜேன் இறந்தார். சில வாரங்களுக்குள்ளேயே ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை மோர் மறுமணம் செய்துகொண்டார். தாயற்ற நான்கு குழந்தைகள் வீட்டில் இருந்தனர் என்பதை நினைத்தால் அந்த விரைவு நமக்கு விளங்கும். ஆலிஸ் அவரைவிட வயதில் மூத்தவர்; கண்டிப்பானவர்; பேச்சில் கூர்மையானவர். அவரையும் இசைக்கருவி பயிலச் செய்துவிட்டார் மோர் என்று நண்பர் எராஸ்மஸ் வியந்திருக்கிறார்.

பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று கற்றோரே கேட்ட காலம் அது. மோரோ தம் இல்லத்தையே பள்ளியாக்கினார். மகனுக்குக் கற்பித்த இலத்தீனும் கிரேக்கமும் வானியலும் மகளிருக்கும் கற்பிக்கப்பட்டன. அரச அலுவலாக வெளியூர் சென்றால், ஒவ்வொருவரும் தமக்கு இலத்தீனில் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கிப் படிப்பார். தாம் பிள்ளைகளை அடித்தது அரிது என்றும், அடித்த கோலும் மயில்தோகையே என்றும் அவரே பிள்ளைகளுக்கு விளையாட்டாக எழுதியதுண்டு. மூத்த மகள் மார்கரெட், எராஸ்மஸ் எழுதிய கர்த்தர் கற்பித்த செப விளக்கத்தை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்போது அவருக்கு வயது இருபது கூட நிரம்பவில்லை.

தேம்சு ஆற்றங்கரையில் செல்சி என்னும் ஊரில் மோர் பெரியதொரு இல்லம் அமைத்தார். மணமான பின்னரும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 1532-இல் தம் கல்லறைக்கென அவர் எழுதி வைத்த வாசகத்தில், தமக்குப் பதினொரு பேரப்பிள்ளைகள் இருப்பதைக் குறிப்பிட மறக்கவில்லை. அவருடைய தந்தையும் நீதிபதி. மகன் சான்சலராகி நாட்டின் நீதித்துறைக்கே தலைவரான பிறகும், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் கடக்கும்போது முதிய தந்தை முன் அனைவரும் காண முழந்தாளிட்டு ஆசி பெறுவார். ஓவியர் ஹோல்பைன் 1527 அளவில் இக்குடும்பத்தை வரைந்தார். முதியவர் நடுவே வீற்றிருக்க, மகளிர் கையில் நூல்களோடு காட்சி தருகின்றனர். பெரிய ஓவியம் 1752-இல் தீக்கிரையாயிற்று. எராஸ்மசுக்கு அனுப்பப்பட்ட கோட்டோவியம் இன்றும் பாசல் நகரில் உள்ளது.

இந்த இல்லத்தின்மீதுதான் இடி விழுந்தது. அரசி கத்தரீனை விலக்கி ஆன் போலினை மணக்க விரும்பிய மன்னர் எட்டாம் ஹென்றி, திருத்தந்தையின் அதிகாரத்தையே மறுக்கத் துணிந்தார். 1529-இல் சான்சலரான மோர் 1532-இல் பதவி துறந்தார். வருவாய் சுருங்கியதும் மக்களை அழைத்து, படிப்படியாக உணவைக் குறைத்துக்கொள்வோம், அதுவும் போதாதெனில் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாதாவின் பாடலைப் பாடி இரந்துண்போம் என்று நகைச்சுவையோடு சொன்னார். 1534 ஏப்ரலில் அரசின் உறுதிமொழியை ஏற்க அழைப்பு வந்தது. வழக்கமாக மனைவி மக்கள் படகுத்துறை வரை வந்து முத்தமிட்டு வழியனுப்புவர். அன்று மோர் தோட்டத்து வாயிற்கதவைத் தாமே இழுத்துச் சாத்திவிட்டு, எவரையும் உடன் வரவிடாமல் படகேறினார். திரும்பிப் பார்த்தால் தம் உறுதி குலையும் என்று அஞ்சினார் போலும்! ஏப்ரல் 17-ஆம் நாள் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இனி வருவதே நம் நெஞ்சைத் தொடுவது. அவர் ஏற்க மறுத்த உறுதிமொழியை அவர் குடும்பத்தினர் ஏற்றனர். ஆண்டவரின் சட்டத்திற்கு உட்பட்ட அளவில் என்ற வரம்போடு மார்கரெட்டும் ஏற்றார். தந்தையையும் இசையச் செய்யச் சிறையில் மன்றாடினார். ஆலிஸ் அம்மையாரோ, நல்ல வீடும் நூலகமும் தோட்டமும் இருக்க, எலிகளுக்கிடையே இப்படிக் கிடப்பது என்ன மதிகேடு என்று கடிந்துகொண்டார். இந்த இல்லமும் விண்ணகத்திற்கு அவ்வளவு அருகில்தானே என்று மோர் கேட்டபோதும் அம்மையாரின் சினம் ஆறவில்லை. ஆனால் கணவரின் சிறை உணவுக்கு வாரம் 15 ஷில்லிங் கட்டுவதற்காகத் தம் உடைகளை விற்றவரும் அதே ஆலிஸ்தான்.

மோர் தம் மனச்சான்றை எவர்மீதும் சுமத்தவில்லை. உறுதிமொழி ஏற்றவர்களைக் குற்றம் கூறவும் இல்லை. தம் மனச்சான்று தமக்கு, அவரவர் மனச்சான்று அவரவர்க்கு என்றே நின்றார். அவர் முடிவு வீட்டாருக்கு விளங்கவில்லை. விளங்காத நிலையிலும் அவர்கள் அன்பு குறையவில்லை. கொள்கையில் ஒன்றுபடாத குடும்பத்தில் அன்பு நிலைக்குமா என்று ஐயுறுவோர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

1535 சூலை முதல் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குத் திரும்பும் வழியில் மார்கரெட், ஆயுதம் தாங்கிய காவலரைப் பிளந்துகொண்டு ஓடித் தந்தையைக் கட்டியணைத்து முத்தமிட்டார். சற்று விலகிச் சென்றவர் ஆற்றாமையால் மீண்டும் ஓடிவந்து தழுவினார். சூலை 5-ஆம் நாள் கரித்துண்டால் எழுதிய இறுதி மடலில், அந்தக் கடைசி முத்தத்தின்போது போல் தம் மகள் தமக்கு என்றுமே இனியவளாய்த் தோன்றியதில்லை என்று மோர் எழுதினார். தாம் மறைவில் அணிந்திருந்த உரோமச் சட்டையையும் அவளுக்கே அனுப்பினார். அதனை நெடுங்காலம் துவைத்துத் தந்தவள் அவளே. மறுநாள் அவர் தலை வெட்டப்பட்டது. இலண்டன் பாலத்தில் வைக்கப்பட்ட அத்தலையை மார்கரெட் மீட்டுக் காத்தார்.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. சொத்து பறிபோயிற்று. சிசிலியின் கணவர் 1540-இல் தூக்கிலிடப்பட்டார். மார்கரெட் 1544-இல் இறந்தார். எனினும் நினைவு அழியவில்லை. மாமனாரின் இல்லத்தில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ரோப்பர், தண்டனை நிறைவேறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினார். நாம் மேலே கூறியவற்றுள் பெரும்பகுதி அவர் தந்ததே. மோரின் ஆங்கில எழுத்துகளை உடன்பிறந்தாள் மகன் ராஸ்டல் 1557-இல் அச்சேற்றினார். ஆண்டவரின் பாடுகளைப் பற்றி மோர் சிறையில் இலத்தீனில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து அத்தொகுப்பில் சேர்த்தவர், மார்கரெட்டின் மகளான பேத்தி மேரி பாசெட். 1593-இல் ஒரு பேரன், பாட்டனாரின் குடும்பத்தோடு தம் தலைமுறையினரையும் சேர்த்து ஒரே ஓவியமாக வரையச் செய்தார்.

அன்பினால் நினைவுகூர்வது என்பது குறையை மறைப்பதன்று. மோர் தம் காலத்து மாற்றுக் கொள்கையினரைக் கடுஞ்சொற்களால் தாக்கி எழுதினார். அவர் சான்சலராக இருந்த காலத்தில் ஆறு பேர் எரிக்கப்பட்டனர். மகளின் மனச்சான்றை மதித்த அந்த உள்ளம் அவர்களுடையதை மதிக்கவில்லை என்பது வருத்தத்திற்குரியது. இதையும் அறிந்தே அவரை நேசிப்போம். நம் பாட்டனார்களையும் அவ்வாறே நேசிக்கலாம். அவர்தம் சினத்தையும் சிரிப்பையும் பிழையையும் பேரருளையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

செல்சி ஆலயத்துக் கல்லறை வாசகத்தில் மோர் ஓர் ஆசையை வெளியிட்டிருந்தார். தாமும் இரு மனைவியரும் ஒரே கல்லறையில் துயில வேண்டும், விண்ணகத்திலும் ஒன்றுசேர வேண்டும் என்பதே அது. அவர் உடல் கோபுரச் சிறையின் ஆலயத்தில் அடக்கமாயிற்று; தலை காண்டர்பரியில் ரோப்பர் குடும்பக் கல்லறையில் உள்ளது. கல்லறை பற்றிய ஆசை நிறைவேறவில்லை. மற்ற ஆசையை ஆண்டவர் நிறைவேற்றியிருப்பார் என்றே நாம் நம்புகிறோம்.