மின்னணுச் சிம்பல் பேட்

மின்னணுச் சிம்பல் பேட் என்பது மின்னணு டிரம் தொகுதியில் வெண்கலச் சிம்பலுக்கு மாற்றாகப் பயன்படும், ரப்பர் போர்த்திய தட்டு ஆகும். இது தானாக ஒலி எழுப்புவதில்லை. குச்சி பட்ட அதிர்வை மின்குறிப்பாக மாற்றி மாட்யூல் எனப்படும் ஒலித்தொகுதிக்கு அனுப்புகின்றது. மாட்யூலே பதிவு செய்யப்பட்ட சிம்பல் ஒலியை எழுப்புகின்றது. எனவே ஒலி வராதபோது பேட் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்வது பெரும்பாலும் தவறாக அமையும். குற்றம் கேபிளிலோ, மாட்யூலின் அமைவிலோ, ஸ்டாண்டிலோ இருக்கக்கூடும்.

அமைப்பு

கடினமான பிளாஸ்டிக் தட்டின் மேல் ரப்பர் போர்த்தப்பட்டிருக்கும். தட்டின் அடியில் பீசோ எனப்படும் அமுக்கமின் வில்லை ஒட்டப்பட்டுள்ளது. பித்தளைத் தகட்டின் மேல் பீங்கான் பூச்சுக் கொண்ட இவ்வில்லை அதிரும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகின்றது. 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அமுக்கமின் விளைவே இதன் அடிப்படை ஆகும். பேடுக்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை.

ஒற்றை வலய பேடில் வில்லை மட்டுமே உண்டு. இரு வலய பேடில் விளிம்பினுள் மெல்லிய அமுக்கு விசை ஒன்று கூடுதலாக இருக்கும். விளிம்பில் அடித்தால் வேறு ஒலி எழுவதும், விளிம்பைக் கையால் பிடித்தால் ஒலி அடங்குவதும் இவ்விசையால்தான். மூவலய ரைடு பேடில் நடுக் குமிழுக்கும் ஒரு விசை உண்டு. ரோலண்ட் நிறுவனத்தின் சிவை-15ஆர் போன்ற ரைடுகளில் மூன்று வலயங்களும் இயங்க இரண்டு கேபிள்கள் தேவை; யமகாவின் பிசிவை155 ஒரே கேபிளில் மூன்றையும் அனுப்புகின்றது. ஒரு நிறுவனத்தின் பேடை மற்றொன்றின் மாட்யூலில் இணைக்கும்போது சில வலயங்கள் இயங்காமல் போவதற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம்.

வரலாறு

1981இல் வெளிவந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 தொகுதியின் அறுகோண பேடுகள் புகழ்பெற்றவை. 1985இல் ரோலண்ட் வெளியிட்ட பேட்-8 ஆக்டோபேட், தனக்கென ஒலி இல்லாத, எட்டுப் பேடுகள் கொண்ட மிடி கருவியாகும். 1997இல் டிடி-10 வந்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட டிடி-50 மாட்யூலுக்கான ரைடு பேட் யுஎஸ்பி வழியே இணைகின்றது.

தமிழ்நாட்டில் "புன்னகை மன்னன்" (1986) போன்ற படங்களின் இசையில் மின்னணு ஒலிகள் இடம்பெற்றபின், அவற்றை மேடையில் எழுப்ப வேண்டிய தேவை மெல்லிசைக் குழுக்களுக்கு ஏற்பட்டது. முழு டிரம் தொகுதியைவிட ஆக்டோபேடே இக்குழுக்களுக்கு ஏற்றதாக அமைந்தது. ஒரு மேசையளவு இடம் போதும். 2010இல் வந்த எஸ்பிடி-30 ஆக்டோபேடில் கிக், ஸ்னேர், ஹை-ஹாட், ரைடு என நான்கு வெளி இணைப்புகள் உள்ளன. தனிச் சிம்பல் பேடை இவற்றில் இணைக்கலாம்.

நிறுவுதல்

பல பேடுகளில் விளிம்பு விசை வட்டம் முழுவதும் இருப்பதில்லை. வாசிப்பவர் பக்கமுள்ள பகுதியில் மட்டுமே இருக்கும். நிறுவனப் பெயர் பொறித்த பக்கம் பெரும்பாலும் வாசிப்பவருக்கு எதிரே அமைய வேண்டும். ஸ்டாண்டில் பேட் சுழலாதபடி தடுப்பான் பொருத்துவது இதனால் இன்றியமையாதது. தடுப்பானைத் தொலைத்துவிட்டு வெறும் திருகை இறுக்குவோர் உண்டு. அவ்வாறு இறுக்கினால் பேட் ஆடாது. அடியின் முழு வேகமும் பேடிலும் ஸ்டாண்டிலும் இறங்கும்.

பின்னர் மாட்யூலில் பேட் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனை விட்டுவிட்டு உணர்திறனை மட்டும் கூட்டிக் குறைப்பதால் பயனில்லை.

பழுதுகளும் தீர்வுகளும்

முதற்சோதனை இடம் மாற்றுதல் ஆகும். நன்றாக இயங்கும் பேடின் கேபிளை ஐயத்துக்குரிய பேடில் செருக வேண்டும். ஒலி வந்தால் குற்றம் பழைய கேபிளிலோ, அது செருகப்பட்டிருந்த மாட்யூல் இணைப்பிலோ உள்ளது. இரண்டையும் தனித்தனியே மாற்றிப் பார்க்கலாம். வராவிட்டால் மட்டுமே பேடைத் திறக்க வேண்டும்.

மிகுதியாகக் காணப்படும் குழப்பம் மோனோ கேபிளால் வருவது. ஒலிபெருக்கிக் கடைகளில் பி-38 என்று கேட்டு வாங்கப்படும் 6.35 மி.மீ. பின்னில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. கித்தார் கேபிள் மோனோவாகும். அதனை இரு வலய பேடில் செருகினால் விசைக்குரிய முனை தரையோடு இணைந்துவிடும். விளிம்பை யாரோ பிடித்திருப்பதாக மாட்யூல் கொள்ளும். எனவே ஒலி எழுந்தவுடன் அடங்கும், அல்லது எங்கு அடித்தாலும் விளிம்பொலியே வரும். நல்ல பேடுகள் பழுதானவை என்று ஒதுக்கப்பட இதுவும் ஒரு காரணம்.

அடிக்காமலே சிம்பல் ஒலித்தால் மேடையைப் பார்க்க வேண்டும். மதுரைச் சமவெளியில், பழங்காநத்தம், திருப்பரங்குன்றம் போன்ற இடங்களின் திருவிழாக்களில் பலகை மேடை அமைப்பதுண்டு. தாழ்சுர ஒலிபெருக்கியின் அதிர்வு பலகை வழியே ஸ்டாண்டில் ஏறி வில்லையைத் தூண்டும். அருகிலுள்ள பேடை அடிக்கும்போது மட்டும் ஒலித்தால் அது குறுக்குத் தூண்டல். ஒரே கம்பிச் சட்டத்தில் இருப்பதே காரணம். ஸ்டாண்டின் கீழ் தடித்த ரப்பர் விரிப்பு இடுவதும், பேடைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றுவதும் முதலில் செய்ய வேண்டியவை. திரெசோல்டு எனப்படும் தொடக்க அளவை உயர்த்துவது அடுத்தது. மிகுதியாக உயர்த்தினால் மெல்லிய அடிகள் ஒலிக்கா.

ஒரே அடிக்கு இருமுறை ஒலிப்பதற்குத் தளர்ந்த திருகும் காரணமாகலாம். ஹை-ஹாட் எப்போதும் திறந்த ஒலியையே தந்தால், பேடை விட்டு மிதியின் கேபிளையும் அளவமைவையும் நோக்க வேண்டும். கணினியுடன் இணைக்கும்போது தவறான ஒலி வந்தால் மிடி எண்களை ஒப்பிட வேண்டும். பொது மிடி வரையறையின்படி 10ஆம் தடத்தில் மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51, ரைடின் குமிழ் 53 ஆகும்.

பேடையே சோதிக்க மல்டிமீட்டர் போதும். விளிம்பு விசையின் முனைகளில் மின்தடையை அளந்தபடி விளிம்பைப் பிடித்தால் அளவு சட்டென இறங்க வேண்டும். வில்லையின் முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளந்தபடி தட்டினால் எண் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் வில்லையின் பற்றுவைப்பு விட்டிருக்கலாம். மீண்டும் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தல் கூடாது. மிகுந்த வெப்பத்தில் பீங்கான் பூச்சு அமுக்கமின் பண்பை இழக்கும். வில்லை உடைந்திருந்தால் மின்னணு உதிரிப்பொருள் கடைகளில் கிடைக்கும் அதே விட்டமுள்ள பசர் வில்லையைப் பொருத்தலாம்.

ரப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல் ஆகியவை ரப்பரைக் கெடுக்கும். சித்திரை மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் பேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் விளிம்பு நசுங்கி, விசை எப்போதும் அமுங்கிய நிலையில் நின்றுவிடக்கூடும்.