கொலாஜன் நார்களும் இழுவிசையும்

தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் நார்கள் எந்தத் திசையில் அடுக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இழையம் தாங்கும் விசையே.

கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் கரைவலை இழுப்போர் மணலில் காலூன்றிப் பின்னோக்கி அடியெடுத்து வைக்கும்போது, குதிகாலுக்கு மேலே அக்கிலிஸ் தசைநாண் புடைத்து நிற்பதைக் காணலாம். அதன் நார்கள் இழுப்பின் திசையிலேயே, கயிற்றுப் புரிகள்போல் நெருங்கி ஓடுகின்றன. தோலில் இழுவை பல பக்கமிருந்தும் வருவதால் நார்கள் பின்னிக் கிடக்கும். ஆனாலும் ஒரு திசைச்சாய்வு உண்டு. 1861இல் ஆஸ்திரிய உடற்கூற்றியலர் கார்ல் லாங்கர் சடலங்களின் தோலில் இட்ட வட்டத் துளைகள் நீள்வட்டமாக விரிந்து இதைக் காட்டின.

நாரை இழைக்கும் கலங்கள் இழுவையை உணர்கின்றன. அத்திசையில் நீண்டு, புதிய நாரையும் அவ்வழியே இடுகின்றன. இழுபட்டிருக்கும் நாரை நொதியங்கள் எளிதில் சிதைப்பதில்லை. தளர்ந்த நார்தான் முதலில் கரைகிறது. அழகான ஏற்பாடு.

அறுந்த தசைநாண் ஆறும்போது புதிய நார்கள் முதலில் தாறுமாறாகவே படியும். படிப்படியாகச் சுமை ஏற ஏறத்தான் அவை நேராகும். ஆகவே காயம்பட்டவர்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கவும் வேண்டாம், வலி குறைந்த மறுநாளே வலைக் கயிற்றைப் பிடிக்கவும் வேண்டாம். வைத்தியர் சொல்லும் அளவில் பயிற்சியைத் தொடருங்கள்.