தக்காளி விதையும் 25 மீட்டர் இடைவெளியும்

ரிஷிவந்தியம்னு சொன்னா நம்மில் பலருக்கு 2011-ல் விஜயகாந்த் ஜெயிச்ச தொகுதிதான் ஞாபகம் வரும். அந்தப் பக்கத்திலிருந்து நம்ம நேயர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது: "பாட்டி காலத்து நாட்டுத் தக்காளி விதை வெச்சிருக்கோம். பக்கத்துக் கொல்லையில ஹைப்ரிட் போட்டிருக்காங்க. எங்க விதை கலந்துடுமா?"

பதில் சொல்ல பெரு நாடு வரைக்கும் போயிட்டு வரணும்.

தக்காளியோட சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். அங்கே பல காட்டுத் தக்காளிப் பூக்களில் சூல்முடி, மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேனீ வந்து உட்கார்ந்தால் வேறு செடியின் மகரந்தம் சுலபமாக ஒட்டும். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பா போன செடியோடு அந்தத் தேனீக்கள் போகவில்லை. தன் மகரந்தத்திலேயே காய்க்கத் தெரிந்த செடிகள் பிழைத்தன. மக்களும் அவற்றின் விதையையே எடுத்து வைத்தார்கள். காலப்போக்கில் சூல்முடி கூம்புக்குள் இறங்கிவிட்டது. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ரிக் இதை விரிவாக ஆராய்ந்தவர்.

நம்ம ஊருக்கு அது ஐரோப்பியர் கப்பலில் வந்தது. பெயர் மட்டும் நம்முடையது. மணத்தக்காளி இங்கே ஏற்கெனவே இருந்ததால, வந்த பழத்தைச் சீமைத் தக்காளின்னு கூப்பிட்டாங்க.

அப்புறம் கதை இரண்டாகப் பிரியுது. 1973-ல் பெங்களூருவின் இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் 'கர்நாடகா' என்ற ஹைப்ரிட் தக்காளியை வெளியிட்டது. பூ விரியும் முன்னாடியே மகரந்தக் கூம்பை இடுக்கியால் பிடுங்கி, வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கையால் தடவுவதுதான் ஹைப்ரிட் விதை எடுக்கும் முறை. 1978-ல் பெரியகுளத்திலிருந்து பிகேஎம் 1 வந்தது. தேனி பக்கத்து அண்ணஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது. இது ஹைப்ரிட் இல்லை; விதை எடுத்து மறுபடி போடலாம்.

அரசின் விதைச் சான்று விதிகளைப் பாருங்க. சான்று விதைக்கு, மற்ற ரகத்திலிருந்து தக்காளி 25 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். கத்தரிக்கு 100, மிளகாய்க்கு 200. மூணும் ஒரே குடும்பம்தான். ஆனா தக்காளிப் பூ மூடிக்கிட்டதால அதுக்கு மட்டும் இவ்வளவு சலுகை.

அப்போ கலக்கவே கலக்காதா? கலக்கலாம். கடும் வெயிலில் சூல்முடி மறுபடி வெளியே நீளும். கள்ளக்குறிச்சி சித்திரை வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா? நீலப்பட்டைத் தேனீ மாதிரியானவை பூவைப் பிடித்து ரீங்கரித்து மகரந்தத்தை உதிர்க்கும். பெரிய பழ ரகங்களின் இரட்டைப் பூக்களிலும் கலப்பு சுலபம்.

கலந்தாலும் அந்தப் பழத்தைப் பார்த்துத் தெரியாது. சதை தாய்ச்செடியுடையது, மாற்றம் விதைக்குள் இருக்கு. டெஸ்டில் பாஸாகி, அடுத்த ரிலீஸில் வெடிக்கிற பக் மாதிரி. அடுத்த வருஷம் செடி காய்க்கும்போதுதான் தெரியும்.

அதனால நேயருக்கு என் பதில்: 25 மீட்டர் இடம் இருந்தா தள்ளி நடுங்க. இல்லைன்னா, பூ விரியும் முன்னாடி கொத்துக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டுங்க. தினமும் காம்பை லேசாத் தட்டினா, தன் மகரந்தமே போதும். பிஞ்சு பிடிச்சதும் பையை எடுத்துட்டு, அந்தக் காம்பில் ஒரு கலர் நூல் கட்டுங்க. நூல் கட்டின பழம் குழம்புக்குப் போகக்கூடாதுன்னு வீட்டுல சொல்லி வையுங்க. ஒரே செடியை நம்பாம நாலைந்து செடியில செய்யுங்க.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்கலாம். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும் விவசாயிக்கு உரிமை உண்டுன்னு 2001-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. ஆனா பாட்டியோட ரகம் ஒரு தடவை கலந்துபோனா, அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.