நிலத்தடி நீரும் தொழில் அனுமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவுமில்லை. கோப்பாயின் செம்மண் தோட்டங்கள் கிணறுகளை நம்பியே வாழ்ந்து வந்துள்ளன. மாரிமழை சுண்ணக்கற் பாறையின் பிளவுகளினூடாக இறங்கி, உவர்நீரின்மீது மெல்லிய நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. கிணறுகள் பலவாயினும் நீர் ஒன்றே. இதனை நன்குணர்ந்த முன்னோர், காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கினையும் வழி வாய்க்கால் உரிமையினையும் பொறித்து, முறைவைத்து நீரிறைத்தனர். அயலவன் உரிமைக்கு அடங்கியதே ஒருவனது நீருரிமை என்பது அவ்வழக்கத்தின் உட்கிடையாகும்.

கைத்தொழில் பெருகியபோது இவ்வழக்கம் மட்டும் போதியதாகவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தையும், பெருந்திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் புகுத்தியது.

இத்தகைய அனுமதிகளைத் தளர்த்துமாறு வணிகத்துறையினர் கோருவது உலகெங்கும் காணப்படுவதாகும். ஐக்கிய அமெரிக்காவில், நிலக்கரிச் சுரங்கங்களை அடுத்த ஓடைகளைக் காக்க 2016 டிசெம்பரில் ஒரு விதி இயற்றப்பட்டது. சுரங்க நிறுவனங்களின் ஆதரவுடன் 2017 பெப்ரவரியில் அது நீக்கப்பட்டது. தாமதமும் இரட்டைப் பரிசீலனையும் முதலீட்டைக் கெடுக்கின்றன என்னும் அவர்தம் வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் குறைக்கப்படுவது காலமா, காவலா என்பதே வினா.

இவ்வினாவுக்கு நமது நாட்டின் நீதிமன்று இருமுறை விடையிறுத்துள்ளது. எப்பாவலையில் பொசுபேற்று அகழ்வதற்கு அமெரிக்க நிறுவனமொன்றுடன் அரசு ஒப்பந்தம் செய்ய முனைந்தது. அவ்வகழ்வு, கலாவாவியின் நீரை அனுராதபுரத்திற்குக் கொணரும் பழைய ஜயகங்கை வாய்க்காலையும் பாதிக்கக்கூடியதாயிருந்தது. ஒப்பந்த வரைவோ சட்டம் விதித்த மதிப்பீட்டு முறையினின்றும் விலக முயன்றது. ஊர் விவசாயிகளும் விகாராதிபதி ஒருவரும் வழக்குத் தொடர்ந்தனர். உரிய ஆய்வும் மதிப்பீடும் நிறைவுறாமல் ஒப்பந்தம் செய்யலாகாதென உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அரசு இயற்கை வளத்தின் உடைமையாளனன்று, காவலனே என்னும் கருத்து அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி கோப்பாய்க்குச் சில மைல் தொலைவிலுள்ள சுன்னாகத்தில் நிகழ்ந்தது. அங்கு எரிபொருளெண்ணெயால் மின் பிறப்பித்த தனியார் நிலையமொன்றின் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் கிளர்ச்சியை உண்டாக்கிற்று. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டு, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு அந்நிறுவனத்தைப் பணித்தது. ஆயினும் நிலத்தடியிற் பரவிய எண்ணெய் தீர்ப்பினால் மீள்வதன்று. எப்பாவலையிற் காவல் முன்னே நின்றது. சுன்னாகத்திலோ கேடு நேர்ந்தபின் வந்தது. வேறுபாடு இதுவே.

எனவே அனுமதிமுறை சீர்திருத்தப்படலாம், சீர்திருத்தப்படவும் வேண்டும். விண்ணப்பங்களுக்குக் கால எல்லை வகுத்தல், அலுவலகங்களின் பணிகளை ஒருங்கிணைத்தல் என்பன வணிகருக்கும் மக்களுக்கும் நன்மை பயப்பன. ஆனால் தொழில் தொடங்குமுன் கிணற்று நீரை அளந்து வைத்தல், அளவீடுகளை வெளியிடல், அயலவரின் சொற்கேட்டல் ஆகிய மூன்றும் குறைக்கப்படலாகா. கிணற்றுப் பங்கினை உறுதியிற் பொறித்த சமுதாயத்திற்கு இது புதிய கோரிக்கையன்று; பழைய உரிமையின் தொடர்ச்சியே எனலாம்.