சிங்கப்பூர் நகர மையம்: இடம் மாறிய கடற்கரை

சிங்கப்பூர் நகர மையம் என்பது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்துள்ள வணிகப் பகுதியாகும். ராஃபிள்ஸ் பிளேஸ், போட் கீ, தெலுக் ஆயர், ஷென்டன் வே, மரினா பே ஆகியவை இதில் அடங்கும். வங்கிகளும் வானளாவிய கட்டடங்களும் நிறைந்த இப்பகுதியின் தரையில் பெரும்பகுதி, 200 ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலமாகவோ கடலாகவோ இருந்தது. கடற்கரை என்பது மாறாத கோடு என்றே நான் வகுப்பில் பல ஆண்டுகள் வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறேன். சிங்கப்பூரின் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

குன்றை வெட்டிச் சதுப்பை நிரப்பியது

1819-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராஃபிள்ஸ் இங்கே வணிகத்தளம் அமைத்தார். ஆற்றின் வடகரை மேடாக இருந்தது. தென்கரையோ அலை ஏறினால் மூழ்கும் சேறு. 1822-இல் திரும்பி வந்த ராஃபிள்ஸ், வடகரையை அரசாங்கக் கட்டடங்களுக்கு ஒதுக்கி, வணிகர்களைத் தென்கரைக்கு மாற்ற முடிவு செய்தார். அங்கிருந்த சிறு குன்று ஒன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே சதுப்பை நிரப்பினர். குன்று இருந்த இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். நிரப்பிய இடம் போட் கீ. சிங்கப்பூரில் நடந்த முதல் நிலமீட்பு இதுவே.

இந்த வேலையை நேரில் கண்டு எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த இவர் தமிழ், அரபு வழி வந்தவர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என இருநூறு முந்நூறு பேர் நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலிக்கு மண் வெட்டிச் சுமந்ததைத் தம் 'ஹிகாயத் அப்துல்லா' நூலில் குறிப்பிடுகிறார். ஆளுநர்கள் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. மண் சுமந்தவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட ஒரிரு வரிகள்தாம்.

தெலுக் ஆயர்: பழைய கரை

தெலுக் ஆயர் என்ற மலாய்ப் பெயரில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரைச் சாலை. கப்பலில் வந்தவர்கள் படகு மாறி இங்கேதான் கரையேறினர். தமிழ் முஸ்லிம்கள் 1827-இல் ஒரு குடிசையில் தொழுகையைத் தொடங்கினர். அதனால் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல் அதுவே. 1828-க்கும் 1830-க்கும் இடையில், நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது நினைவாக நாகூர் தர்கா எழுந்தது. அதன் அருகே ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினர். அங்கே இருப்பவள் கடலில் செல்வோரைக் காக்கும் மாசூ தேவி. நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்தவரும் ஃபூஜியன் கரையிலிருந்து வந்தவரும் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல, பக்கத்துப் பக்கத்தில் இடம் தேடிக்கொண்டார்கள்.

இந்தத் தெருவில் ஓர் இந்துக் கோயிலும் வந்திருக்க வேண்டியது. 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்கு, கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயர் தெருவில்தான் இடம் ஒதுக்கினர். ஆனால் பூசைக்கும் அபிஷேகத்துக்கும் வேண்டிய நல்ல தண்ணீர் அருகில் கிடைக்கவில்லை. எனவே அந்த இடம் கைவிடப்பட்டது. பிறகு சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் கிடைத்து, 1827-இல் மரமும் கீற்றும் கொண்டு மாரியம்மன் கோயில் எழுந்தது. பெயரிலேயே தண்ணீர் இருந்த கரையில், நல்ல தண்ணீருக்கு வழியில்லை.

கரை அங்கேயே நிற்கவில்லை. 1879-இல் தொடங்கிய நிலமீட்பில் அருகிலிருந்த குன்றுகள் கரைக்கப்பட்டு விரிகுடா நிரப்பப்பட்டது. ராபின்சன் சாலையும் செசில் தெருவும் அந்த மண்ணின்மேல் அமைந்தவை. இருபதாம் நூற்றாண்டில் நிரப்பிய பகுதியில் ஷென்டன் வே வந்தது. இன்று நாகூர் தர்காவின் வாசலில் நின்றால் கடல் தெரியாது, உப்புக் காற்றும் வராது; அலுவலகக் கட்டடங்களின் முதுகுதான் தெரியும்.

கைதிகள் கட்டிய நகரம்

1825 முதல் சென்னை, வங்காளம் முதலிய மாகாணங்களின் கைதிகளைக் கம்பெனி சிங்கப்பூருக்கு நாடு கடத்தியது. சாலை, பாலம், கடற்சுவர் என நகரின் அடிப்படை வேலைகளில் பெரும்பங்கு இவர்களுடையது. 1864-இல் முடிந்த காலியர் கீ கடற்சுவர் அவற்றுள் ஒன்று. அதற்குப் பெயர் தந்த காலியர், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த அதிகாரி.

ஆற்றின் வடபுறத்தில் உள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயமும் கைதிகளின் கைவேலைதான். 1862-இல் புனிதப்படுத்தப்பட்ட அதன் வெண்சுவர்களுக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்புச் சாந்து. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலை புதிதல்ல.

செட்டித் தெரு

ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பக்கத்தில் உள்ள மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே அழைத்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இங்கே இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கடைவீடு. கீழ்த்தளத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு பெட்டியடி: தரையில் பாய், அதன்மேல் சாய்வான மூடியுடைய மரப்பெட்டி, கணக்கேடு. பகலில் அதுவே அலுவலகம். இரவில் அதே கூடத்தில் படுக்கை. சமையல் பொது. மேலாள், அடுத்தாள் என்று படிநிலை வைத்து, மூன்றாண்டுத் தவணைக்கு ஊரிலிருந்து வருவார்கள்; மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள்.

ஐரோப்பிய வங்கிகள் பெரிய நிறுவனங்களுக்கும் தெரிந்த முகங்களுக்கும் கடன் கொடுத்தன. சிறு வணிகர், சீனக் கடைக்காரர், ரப்பர்த் தோட்டம் போட நினைத்தவர் ஆகியோர் இந்தப் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தனர். வட்டி கடுமை என்ற குறை அன்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடன் இல்லாமல் பல சிறு வணிகங்கள் முளைத்தே இருக்காது என்பது என் கருத்து. டேங்க் சாலையில் இன்றும் தைப்பூசக் காவடிகள் சென்று சேரும் தெண்டாயுதபாணி கோயிலை 1859-இல் கட்டியவர்கள் இவர்களே.

அருகிலுள்ள இன்னொரு தெருவின் பெயரும் கவனிக்கத்தக்கது. தென்னிந்தியரைக் குறித்த 'கிளிங்' என்ற சொல்லால் அது கிளிங் தெரு எனப்பட்டது. அச்சொல் இழிவாகப் புழங்கியதால் இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, 1920-களின் தொடக்கத்தில் சூலியா தெரு ஆயிற்று. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். ஆற்றில் தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலும் தொடக்கத்தில் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. பின்னர் சீனர்களிடம் சென்றது. 1976-இல் 52 மாடி ஓசிபிசி வங்கிக் கட்டடம் எழுந்ததும் அந்தச் சூலியா தெருவில்தான்.

தங்கக் காலணி

விடுதலைக்குப் பின் அரசு இப்பகுதியை நிதி மையமாக்க முனைந்தது. வரைபடத்தில் காலணி வடிவில் தெரிந்ததால் இதற்குக் 'கோல்டன் ஷூ' என்று பெயர். தடையாக நின்றது 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி குறைந்த வாடகைக்கு இருந்தவர்களை எளிதில் வெளியேற்ற முடியாது. 1969-இல் இயற்றிய சிறப்புச் சட்டம், வளர்ச்சிப் பணிக்காக இங்குள்ள கட்டடங்களைத் திரும்பப் பெற உரிமையாளர்களுக்கு வழி செய்தது. அதன்பின் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிந்தன. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் போயின. 1984-இல் அத்தெருவில் கோல்டன் ஷூ என்ற பெயரிலேயே பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. அதையும் 2017-இல் மூடி இடித்துவிட்டு, 280 மீட்டர் உயரமுள்ள கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரத்தை எழுப்பினர். பெட்டியடி இருந்ததற்கு அடையாளமாகத் தெருவின் பெயரைக்கூடக் காட்ட முடியாது. செட்டித் தெரு என்பது தமிழர் வாயில் மட்டும் இருந்த பெயர்.

ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977-இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்தது. 1983-இல் சரக்குப் படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. போட் கீயின் கிடங்குகள் இப்போது உணவகங்கள்.

உப்புநீர் நன்னீரானது

1970-களிலிருந்து முகத்துவாரத்துக்கு வெளியே கடலை நிரப்பி உருவாக்கிய புதிய நிலம், பழைய துறைமுக முகப்பை வளைத்து மூடியது. திறந்த கடலாக இருந்தது, மரினா பே என்ற உள்வாங்கிய நீர்ப்பரப்பாயிற்று. 2008-இல் மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீள அணை திறக்கப்பட்டது. மழை பெய்யப் பெய்ய உப்புநீர் வெளியேறி, ஏறத்தாழ 2010-க்குள் அது நன்னீர்த் தேக்கமாக மாறியது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இதில் வந்து சேர்கிறது.

கடல் மட்டம் தாழ்ந்திருக்கும்போது பெருமழை பெய்தால் அணையின் ஒன்பது கதவுகளைத் தாழ்த்தி நீரைக் கடலுக்கு விடுகிறார்கள். அலை ஏறியிருந்தால் கதவைத் திறக்க முடியாது. அப்போது ஏழு பெரிய பம்புகள் நீரை வெளியே இறைக்கின்றன. நல்ல தண்ணீர் இல்லை என்று நாராயண பிள்ளை விட்டுச் சென்ற தெருவிலிருந்து இந்தக் குடிநீர்த் தேக்கத்தின் கரை, நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.