பனி பெய்யாத ஐரோப்பிய நகரம்



போன ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். சுருளிப்பட்டியில் மறைக்கல்விக்கு வந்த சிறுவன் ஒருவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். ஜெர்மனி நாட்டின் டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை. 1434-இல் தொடங்கிய சந்தை அது. பனி, விளக்குகள், அப்பாவின் தோளில் ஏறி வேடிக்கை பார்க்கும் குழந்தைகள். "எங்களையும் இப்படி ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போவீங்களா சாமி?" என்றான். அவனுடைய அப்பா திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகிறவர்.

டிரெஸ்டனுக்கு விமானச் சீட்டு எடுக்க நம்மால் ஆகாது. பேருந்து போகும் தூரத்தில் ஒரு ஐரோப்பிய நகரம் இருக்கிறதே என்று தோன்றியது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் பிள்ளைகளும் சில பெற்றோருமாகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம்.

ஐரோப்பா நம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. பென்னிகுவிக் கட்டி, 1895-இல் திறக்கப்பட்ட அணையின் தண்ணீரில்தான் நம் வயல் விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கொடியைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று சொல்வார்கள். ஆகவே பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக்காரர் என்றால் முன்கூட்டியே ஒரு பாசம்.

புதுச்சேரியில் பனி இல்லை, மழைதான் இருந்தது. அதனால் யாருக்கும் உற்சாகம் குறையவில்லை. நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் தெருக்களில் பிள்ளைகள் ஒரு முனையில் நின்று மறுமுனையிலிருப்பவனைக் கூப்பிட்டு விளையாடினார்கள். அந்த நேர்த்தெருக்களை முதலில் திட்டமிட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல, டச்சுக்காரர்கள். பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் வந்து அமைத்த குடியிருப்பை 1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். பிறகு ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. தூய்மா வீதியில் 1855-இல் கட்டப்பட்ட வானதூதர்களின் அன்னை ஆலயத்தில் இன்றும் பிரெஞ்சில் திருப்பலி நடக்கிறது. தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே 1907-இல் கட்டி முடித்த திருஇருதய ஆலயத்துக்குப் போனோம். அங்கே வண்ணக் கண்ணாடிகளில் இருக்கும் 28 புனிதர்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொன்னார்கள்.

கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால் வருகிறது. "இது ஏன் ஊருக்கு நடுவுல?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். அந்தக் காலத்தில் அப்படித்தான் பெயரே வைத்திருந்தார்கள். கப்புச்சின் குருக்கள் ஐரோப்பியருக்கு, இயேசு சபைக் குருக்கள் தமிழருக்கு என்று மேய்ப்பர்களும் பிரிந்திருந்தார்கள்.

தமிழர் பக்கத்தில், மிஷன் வீதியில் நிற்கிறது அமலோற்பவ அன்னை பேராலயம். மக்கள் வாயில் அது சம்பா கோவில். 'சேன் போல்', அதாவது தூய பவுல், என்ற பெயர்தான் அப்படித் திரிந்தது. கோவிலுக்குள் உட்கார்ந்து ஒரு கதை சொன்னேன். அது நான் கட்டிய கதை அல்ல. ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்ல. 1745 அக்டோபரில் இந்தக் கோவிலில் நடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அன்றைய கோவிலுக்குள், வடபுறமாக, ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்ட மக்கள், புதுச்சேரியிலிருந்தும் சுற்றியிருந்த சேரிகளிலிருந்தும் திரண்டு தலைமைக் குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. அன்றைய வழிபாட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இனிக் கோவிலுக்கே வரமாட்டோம் என்றார்கள்.

சுவரை இடித்தது குரு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கேட்டது மக்கள் என்பதைப் பல நேரம் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, இந்தக் கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. இடிக்க வேண்டும் என்று நின்றவர்களில் நம் குருக்களும் உண்டு. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1761-இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சம்பா கோவிலும் போயிற்று. நாம் படமெடுக்கும் 'ஐரோப்பிய நகரம்' பெரும்பாலும் 1765-க்குப் பிறகு எழுப்பப்பட்டது. இன்றைய பேராலயம் நேர்ச்சை செய்யப்பட்டது 1791-இல்.

கதை முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "அந்தச் சுவத்துக்கு நாங்க எந்தப் பக்கம் உக்காந்திருப்போம் சாமி?" என்று கேட்டாள். அவள் எந்தத் தெருப் பிள்ளை என்பது எனக்குத் தெரியும். அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து பேருந்து நிலையத்தில் இட்லி தின்றவர்கள் எந்தத் தெரு என்பதும் தெரியும். அவளுடைய அம்மா என்னையே பார்த்தார். எனக்கு உடனே வாய் வரவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. பையன்கள் கடற்கரைக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தினார்கள், போய்விட்டோம்.

இரவுப் பேருந்தில் திண்டுக்கல் தாண்டியபோது பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கியிருந்தார்கள். பின் இருக்கையில் அந்த அம்மா மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்: அவருடைய பாட்டி காலத்தில் பூசைக்குப் போனால் எந்த ஓரத்தில் உட்கார வேண்டும், நன்மை வாங்க யார் முதலில் போக வேண்டும், பாட்டி ஒருநாள் நடுவில் போய் உட்கார்ந்தபோது என்ன நடந்தது. நான் முன் இருக்கையில் திரும்பாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.